வெளாவி வெச்ச தண்ணி

வாங்கம்மிணி, வாங்க. எதுத்த ஊட்டுக்குக் குடி வந்து ஒரு வாரமாச்சு, இன்னிக்குத்தான் எங்கூட்டுக்கு வழி தெரிஞ்சுதாக்கும்? கோவிச்சுக்காதீங்க, சும்மா சொன்னேன். என்னது? கெய்சர் மெக்கானிக் நம்பரா? உங்களுக்கும் தண்ணி வெதுவெதுன்னுதான் வருதுங்களா?

அட கடவுளே! மொதல்ல உக்காருங்க. நம்பர் எங்கூட்டுக்காரர் போன்ல இருக்குது, அவரு மாவு மில்லுக்குப் போயிருக்கறாரு. மெக்கானிக்கைக் கூப்படறதுக்கு முன்னால எங்கிட்ட வந்தீங்க பாருங்க, அது நல்லதாப் போச்சு. இந்த மூணு மாசத்துல நானே பாதி மெக்கானிக்குங்க. காயில்னா என்ன, தெர்மோஸ்டாட்னா என்ன, எல்லாம் கேளுங்க, சொல்றேன்.

இந்த வெதுவெதுத் தண்ணி சின்ன விசயம்னு நெனச்சுப்போடாதீங்க. இதனாலதான் எங்க மேல ஊட்டு அம்மிணி, முத்துச்செல்வி, பொங்கல் நோம்பியோட காலி பண்றேன்னுருச்சு. எனக்கு ரெண்டு நாளு சோறு எறங்குல. சிரிக்காதீங்க, நெசமாத்தான். ஒரு கெய்சரால குடியிருக்கற ஊடே காலியாகப் பாத்துச்சுங்க.

முத்துச்செல்விக்குத் தூத்துக்குடிப் பக்கம். இங்க ஆஸ்பத்திரில எக்ஸ்ரே எடுக்கற வேலை. ஊட்டுக்காரரு கப்பல்ல சமையல்காரரு, வருசத்துல ரெண்டு மாசம் வருவாரு. ரெண்டாங்கிளாஸ் படிக்கற ஒரு பொட்டப்புள்ள. பேரு தன்ஷிகாவாம். எனக்கு அது வாய்ல நொழையுமுங்களா? நான் குட்டிம்பேன். ஆவணில குடி வந்தாங்க. அதுக்கு முன்னால மேல ஊடு ஒன்றரை வருசம் பூட்டிக் கெடந்துச்சுங்க. எங்களுக்குக் கொழந்தைக இல்ல. எங்கூட்டுக்காரரு ஆறுச்சாமி, மில்லுல ஃபிட்டரா இருந்து ரிடையர் ஆனவரு, ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசுனா அது திருநாளு. மேல ஒரு காலடிச் சத்தம் கேட்டாத்தான ஊடு ஊடாட்டம் இருக்குது?

நான் ஒண்ணும் கண்டிசன் போடற ஓனரு இல்லீங்க. யாரை வேண்ணாலும் கேட்டுப் பாருங்க. சொவத்துல ஆணி அடிக்காதீங்கன்னேன், அவ்வளவுதான். அப்பறம் மாடில வடாம் காயப் போட்டா காக்கா வரும், வேண்டாம்னேன். துணி தொவைக்கறதுக்கு முன்னால எங்கிட்ட ஒரு வார்த்தை, மோட்டார் போடறதுக்கு முன்னால ஒரு வார்த்தை. கேட்டைச் சாத்தும்போது சத்தம் வரக் கூடாது. படியில ஓடக் கூடாது. ஒறம்பரை வந்தா எத்தனை பேரு, எத்தனை நாளுன்னு சொல்லிப்போடணும். பாத்ரூம்ல ஒரே ஒரு விசயம். இதெல்லாம் கண்டிசனுங்களா? மனுசன் மனுசனுக்குச் சொல்றதுதானுங்க.

பாத்ரூம் விசயம் என்னன்னா, அங்க பக்கெட்டுக்குத் தனியா ஒரு சுடுதண்ணிக் குழாய் இருக்குது. அதுக்கு மேல கைஷவருக்குன்னு ரெண்டு பித்தளைத் திருகு. ஒண்ணு சுடுதண்ணிக்கு, ஒண்ணு பச்சத்தண்ணிக்கு. முன்னால குடியிருந்தவன் ஒருத்தன் அதைத் திருகு திருகுன்னு திருகி மூணு வாசரைத் தின்னுப்போட்டான். அதனால இவங்க வர்றதுக்கு முந்தின நாளு நானே மேல போயி, ரெண்டையும் அளவாத் தொறந்து, பதம் பாத்து வெச்சேன். ‘அம்மிணி, இதை யாரும் தொடாதீங்க. வேணுங்கறப்போ கைஷவர் முனையில இருக்கற பட்டனை அமுக்குங்க, தண்ணி வரும். உட்டா நின்னுக்கும்’னு சொன்னேன். ஒறம்பரை வந்தா நாம அண்டால சுடுதண்ணியும் பச்சத்தண்ணியும் வெளாவி வெச்சு, ‘தண்ணி வாத்துக்குங்க’ன்னு கூப்படறதில்லீங்களா? அப்பிடி ஒரேயடியா வெளாவி வெச்சுக் குடுத்தேன். எந்த ஓனரு செய்வான், சொல்லுங்க?

ஐப்பசி வரைக்கும் கெய்சர் போட வேண்டிய வேலையே வருல. கார்த்திகை பொறந்துச்சு, நம்ம கோவைப்புதூர்க் குளிரைப் பத்திச் சொல்லோணுமா, மலைக்காத்து எலும்புக்குள்ள பூந்து உக்காந்துக்கும். ஒரு நாள் காலைல முத்துச்செல்வி எறங்கி வந்துச்சு. “அக்கா, வெந்நி வரமாட்டேங்கு. வெதுவெதுன்னுதான் வருது.”

எனக்குச் சுருக்குன்னுச்சு. புதுக் கெய்சருங்க, கம்பெனிக்காரன் வந்து மாட்டுனது. விடுவிடுன்னு மேல போயி பக்கெட்டுல கையை உட்டேன். “சூடாத்தான அம்மிணி இருக்குது?”ன்னேன்.

“இதுவாக்கா சூடு?”

“தண்ணி வாத்துக்கறதுக்கு இதுதான் பதம். கோழி உரிக்கவா கேக்கறே?”

அது திரும்பிப் புள்ளையப் பாத்துச்சு. குட்டி துண்டைக் கட்டிக்கிட்டு மூலையில நடுங்கிட்டு நிக்குது. நெஞ்சுல கீச்சு கீச்சுன்னு ஒரு சத்தம். “இவளுக்கு இளைப்பு இருக்குக்கா. தண்ணி நல்லா சுடலைன்னா அன்னைக்கு ராத்திரி தூக்கம் கிடையாது”ன்னுச்சு. அப்பறம் நான் என்னத்தப் பேசறது? புள்ளைக்குன்னு வந்துட்டா நான் வாயைத் தொறக்க மாட்டேன்.

எங்கூட்டுக்காரரை மேல தாட்டி உட்டேன். மனுசன் டெஸ்டரு, ஸ்பேனரு, முக்காலி எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு, மில்லுக்கு மறுபடியும் வேலைக்குக் கூப்பிட்ட மாதிரி மாரை நிமித்திக்கிட்டுப் போனாரு. நானும் பின்னாலயே போனேன். நான் போகாட்டி அவருக்கு ஓடாதுங்க.

மொதல்ல கரண்ட்டுன்னாரு. வோல்டேஜ் கம்மியா வந்தா தண்ணி சூடேறாதாம். மீட்டரை வெச்சுப் பாத்தாரு, கரண்ட்டு கரெக்ட்டா இருக்குது. கெய்சர்ல செவப்பு லைட்டு எரியுதுங்க. சித்த நேரத்துல அதுவா அணையுது. “அணைஞ்சா உள்ள தண்ணி காஞ்சிருச்சுன்னு அர்த்தம்”ங்கறாரு. குழாயத் தொறந்தா வெதுவெதுங்குது. சரின்னு மெயினை அமத்திப்போட்டு அடி மூடியைக் கழட்டுனாரு. உள்ள ஒரு திருகாணி. அதுதான் தெர்மோஸ்டாட்டுங்க. எவ்வளவு சூட்டுல நிக்கோணும்னு அதுதான் சொல்லும். அதை எச்சா, இன்னும் சூடேறற மாதிரி வெச்சாரு. மறுபடி போட்டாரு. மறுபடியும் வெதுவெது.

அப்பறம் ஒண்ணு நடந்துச்சுங்க. கெய்சர்ல இருந்து எறங்கி வர்ற பைப்பை என்னமோ நெனப்புல புடிச்சுட்டாரு. ‘ஸ்ஸ்’ஸுன்னு கையை ஒதறுனாரு பாருங்க, முக்காலியே ஆடிப்போச்சு. அங்க பைப்பு அப்பிடிச் சுடுது, நாலடி தள்ளிக் குழாய்ல வெதுவெதுன்னு வருது. நடுவுல எவனாச்சும் டீக்கடைக்காரன் உக்காந்து ஆத்திக் குடுக்கறானாங்க? நான் அப்பவே கேட்டேன், “நடுவுல என்னமோ நடக்குது”ன்னு. கேட்டேனா இல்லியான்னு அவரு வந்ததும் கேளுங்க. நான் சொன்னதை அன்னிக்கே காதுல போட்டிருந்தா ஒரு மாசம் மிச்சமாயிருக்கும்.

அவரு காதுலயே வாங்குல. “காயில்ல உப்பு படிஞ்சிருக்கும்”னாரு. எனக்கு வந்துச்சே கோவம்! உப்பா? எங்கூட்டுல வர்றது சிறுவாணித் தண்ணிங்க. இந்தத் தண்ணியில பருப்பு வேகறதைப் பாத்தே மெட்ராஸ்ல இருந்து வந்த என்ற நாத்தனா வாயைப் பொளந்துட்டா. சிறுவாணித் தண்ணியில உப்புன்னு சொல்றவருகூட முப்பத்திரெண்டு வருசம் குடும்பம் நடத்திப்போட்டனே! “கழட்டுங்க. கழட்டிக் காட்டுங்க”ன்னு நின்னேன்.

கழட்டுனாரு. ராத்திரி பூரா மெயினை அமத்தி வெச்சு, மறுநாள் காலைல தண்ணியை வடிக்காமக் கழட்டிப்போட்டாருங்க, ஃபிட்டரு! இருவத்தஞ்சு லிட்டரும் அவரு தலைமேலயே எறங்கிருச்சு. நல்லவேளை, மெயினை அமத்தி ரொம்ப நேரமாச்சு, தண்ணி ஆறியிருந்துச்சு. ஆனாலும் ஹாலு வரைக்கும் வெள்ளம். குட்டி கட்டிலு மேல ஏறி நின்னுக்கிட்டு கைகொட்டிச் சிரிக்குது. முத்துச்செல்வி பாவம், வேலைக்குப் போற நேரத்துல சீலையைத் தூக்கிச் சொருவிக்கிட்டு தண்ணி தள்ளுது. காயிலை வெளிய எடுத்தாருங்க, கண்ணாடியாட்டம் பளபளன்னு இருக்குது! ஒரு பொட்டு உப்பு இல்ல. நான் அதைத் துண்டுல தொடச்சு, எங்கூட்டுக்காரரு மூஞ்சிக்கு நேரா ஒரு நிமிசம் புடிச்சுக்கிட்டு நின்னேன். கெய்சர் சரியாகுலதான். ஆனா மனசுக்கு எப்பிடி இருந்துச்சு தெரியுமுங்களா!

அன்னிக்கு ராத்திரியே அவரு சொல்லிப்போட்டாரு, “மெக்கானிக்கைக் கூப்படலாம்”னு. கூப்படலாம்தான். ஆனா மறுநாள் அஷ்டமி. அதுக்கு மறுநாள் நவமி. அப்பறம் செவ்வாக்கெழமை, அன்னிக்கு ரிப்பேர் வேலை ஆரம்பிச்சா முடியாதும்பாங்க. அப்பறம் மார்கழி பொறந்துருச்சு, மார்கழில எதுக்குங்க ஊட்டுல ஒண்ணைக் கழட்டறது? இவரு கேக்கறப்பல்லாம் ஒரு தடங்கல் வந்துருதுங்க, நான் என்ன பண்றது.

அதுக்காகப் புள்ளையப் பச்சத்தண்ணில நிக்க உட்டுருவனா? நாங்க கீழ இன்னமும் ஊட்டுக்குப் பின்னால பொடக்காளில பாய்லர்தான். தேங்காத் தொட்டி ரெண்டைப் போட்டா சுடுதண்ணி தளதளன்னு வந்துரும். காலைல ஆறரைக்கு ஒரு பெரிய போசி நெறையப் புடிச்சு, மூடி போட்டு, பதினெட்டுப் படியும் நானே தூக்கிட்டுப் போவேன். எங்கூட்டுக்காரரு தூக்கறேன்னு வருவாரு. அவருக்கு வெளாவத் தெரியாதுங்க. ஒண்ணு சுட்டுப் பொசுக்கிப்போடுவாரு, இல்லாட்டிப் பச்சையா ஊத்திப்போடுவாரு. புள்ளை தோலு என்ன அவரு தோலா?

நான்தான் குட்டிக்குத் தண்ணி வாத்து உடுவேன். அது பேசுமுங்க பாருங்க! தலையில ஊத்த ஊத்தப் பேசும். “பெரியம்மா, எங்க மிஸ்ஸு தும்முனா மூணு தடவைதான் தும்முவாங்க, நாலாவது வராது.” “பெரியம்மா, கவினு என் ரப்பரைக் கடிச்சான், அதனால அவன் பேரை நான் போர்டுல எழுதிட்டேன்.” “பெரியம்மா, அப்பா கப்பல்ல மீனுக்கெல்லாம் சோறு போடுவாரு.” மூக்குல தண்ணி போனாக்கூட நிறுத்தாது. முத்துச்செல்விக்கு ஏழு மணி டூட்டின்னா அது கெளம்பிப் போயிரும், நான் தலை தொவட்டி, ரெட்டை ஜடை போட்டு, ஸ்கூல் வேன்ல ஏத்தி உட்டுட்டு எறங்குவேன். நான் ஒரு நாளு மேல போகாட்டி அந்த ஊடு ஓடாதுங்க. அவங்களுக்கு நான் அவ்வளவு வேணும்.

முட்டிதான் கொஞ்சம் வீங்கிப்போச்சு. அது குளுருக்கு வீங்கறது.

மார்கழி பாதி தாண்டியிருக்கும். முத்துச்செல்வி சாயங்காலம் கீழ வந்து, இந்தா நீங்க உக்காந்திருக்கீங்களே, இதே சேர்ல நுனியில உக்காந்துச்சு. “அக்கா, தப்பா நினைக்காதீங்க. ஆஸ்பத்திரி பக்கத்துல ஒரு வீடு பாத்திருக்கேன். பொங்கல் கழிஞ்சு அங்க போயிரலாம்னு இருக்கோம்”னுச்சு.

எனக்குக் காதுல ‘ங்ஙொய்’யின்னுச்சுங்க. ஒரு நல்ல பேச்சு பேசியிருக்கலாமில்ல? வாய் கேக்குமா? “போங்க அம்மிணி, நல்லாப் போங்க. இங்க இல்லாத சுடுதண்ணி அங்க கொதிச்சுக்கிட்டு நிக்குதாக்கும்? உங்க தூத்துக்குடிக் கடல் தண்ணியவே கொண்டாந்து காய வெச்சாலும் உங்களுக்குப் பத்தாது”ன்னு சொல்லிப்போட்டேன்.

அது தலையைக் குனிஞ்சுக்கிட்டே, “தண்ணிக்காக மட்டும் இல்லக்கா. தினம் ஒங்க முட்டியோட நீங்க போசியைத் தூக்கிட்டு ஏறி வாறதை என்னால பாத்துக்கிட்டு இருக்க முடியல. எங்களால ஒங்களுக்குக் கஷ்டம்”னுச்சு.

கஷ்டம்னு நான் சொன்னனா? அம்மிணி, நீங்களே சொல்லுங்க, ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, கஷ்டம்னு என்ற வாய்ல வந்துச்சா? அதைச் சொல்றதுக்குள்ள அது எந்திரிச்சு மேல போயிருச்சு. எனக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சுங்க. ரெண்டு நாளு கம்முனு படுத்துக்கிட்டேன். மேல குட்டி நடக்கற சத்தம் கேக்கும். இந்தச் சத்தம் இன்னும் பதினஞ்சு நாளைக்குத்தான்னு எண்ணிக்கிட்டே கெடந்தேன். தண்ணியை அந்த ரெண்டு நாளும் எங்கூட்டுக்காரருதான் தூக்கிட்டுப் போனாரு. எப்பிடி வெளாவுனாரோ.

மூணா நாளு என்ன பண்ணாருன்னு கேளுங்க. முப்பத்திரெண்டு வருசத்துல மொதத் தடவையா என்னைக் கேக்காம ஒரு காரியம் பண்ணாரு. மெக்கானிக்கைக் கூப்பிட்டுப்போட்டாரு!

பீர் பாய்னு பேரு. அம்பது வயசிருக்கும். கையில ஒரு சின்னப் பை, அவ்வளவுதான். நான் எந்திரிச்சு மேல போனேன். ஓனரு இல்லாம வேலை நடக்கலாமுங்களா? எங்கூட்டுக்காரரு அவருகிட்ட எல்லாத்தையும் சொல்றாரு, வோல்டேஜ், தெர்மோஸ்டாட், காயில். ஒரு மாசத்துப் பேச்சையும் அன்னிக்கே பேசித் தீத்துட்டாரு. பாய் பக்கெட்டுக் குழாயத் தொறந்து கையை நீட்டுனாரு. கெய்சர் பைப்பைத் தொட்டுப் பாத்தாரு. அப்பறம் கைஷவரைப் பாத்தாரு. அதுக்குக் கீழ இருக்கற ரெண்டு பித்தளைத் திருகையும் பாத்தாரு. ரெண்டையும் வலப்பக்கமாத் திருகி மூடுனாரு. “பத்து நிமிஷம் இருங்க”ன்னு சொல்லிப்போட்டு வாசப்படில உக்காந்துக்கிட்டாரு.

பத்து நிமிசம் கழிச்சுக் குழாயத் தொறந்தாருங்க. ஆவி! பாத்ரூம் கண்ணாடி பூரா மங்கிப்போச்சு. கெய்சரைத் தொடக்கூட இல்லீங்க மனுசன்.

“கெய்சர்ல ஒரு கோளாறும் இல்லீங்கம்மா. இந்த ரெண்டு திருகும் தொறந்தே இருந்திருக்கு, முனையில மட்டும்தான் அடைச்சிருக்கீங்க. வெளிய போக வழி இல்லாததால பச்சத்தண்ணி இது வழியாப் பூந்து சுடுதண்ணி பைப்புக்குப் போயிருது. நீங்க கீழ பக்கெட்டுக் குழாயத் தொறந்தா ரெண்டும் கலந்துதான் வரும். பைப்புக்குள்ளயே வெளாவி வருதுங்க”ன்னாரு.

பாத்தீங்களா! நடுவுல என்னமோ நடக்குதுன்னு நான் சொன்னேனா இல்லியா? உங்க ஊட்டுலயும் கைஷவர் இருக்குதுல்ல? போன ஒடனே அதுக்குக் கீழ இருக்கற ரெண்டு திருகையும் மூடிப்போட்டுப் பாருங்க. மெக்கானிக்கே வேண்டாம்.

அப்பறம் பாய் கேட்டாரு, “இதை மூடக் கூடாதுன்னு யாருங்க சொன்னது?”

 எங்கூட்டுக்காரரு முக்காலியத் தொடைக்கறாரு. அதுல என்ன அழுக்கு இருந்துச்சோ. குட்டி என்னைப் பாத்து, “பெரியம்மாதா…”ன்னு என்னமோ சொல்ல வந்துச்சு. முத்துச்செல்வி சட்டுன்னு அது வாயைப் பொத்தி, “ஏட்டி, சும்மா இரி. எங்களுக்குத்தான் தெரியாமப் போச்சுங்க. நாங்கதான் மூடாம விட்டுட்டோம்”னுச்சு.

அதுவே ஒத்துக்கிச்சு, பாருங்க. எக்ஸ்ரே எடுக்குது, மனுசனுக்கு உள்ள இருக்கறதெல்லாம் கண்டுபுடிக்குது, ஒரு குழாய் மூடியிருக்குதா தொறந்திருக்குதான்னு தெரியுல. நான் பெருந்தன்மையா, “சரி உடுங்க பாய், புள்ளைக தெரியாமப் பண்ணிருச்சுக”ன்னேன். எங்கூட்டுக்காரருக்கு அப்ப என்னமோ பொரை ஏறி இருமறாரு இருமறாரு, நிக்கவே இல்ல. எதுக்கு இருமுனாருன்னு இன்னிக்கு வரைக்கும் சொல்லுல.

நீங்க எதுக்கு இப்பச் சிரிக்கறீங்க? ஆமாங்க, நான் பதம் பாத்து வெச்சேன். தொடாதீங்கன்னேன். தொடாதீங்கன்னா மூடாதீங்கன்னு அர்த்தமா? … சரி, அது கெடக்குது உடுங்க. ஒரு பேச்சுக்கு நான்தான்னே வெச்சுக்குங்க. நல்லது நெனச்சுத்தான செஞ்சேன்?

பாய் போயிட்டாரு. கெய்சர் சரியாயிருச்சு. எல்லாரும் சந்தோசமா இருக்கோணுமில்ல? மறுநாள் காலைல ஆறரைக்கு எனக்கு முழிப்புத் தட்டிருச்சு. பொடக்காளிக்குப் போனேன். பாய்லரைப் பத்த வெக்கலாம்னு தேங்காத் தொட்டிய எடுத்தேன், அப்பறம் எதுக்குன்னு வெச்சுட்டேன். மேல தண்ணி ஊத்தற சத்தம் கேக்குது. குட்டி பேசற சத்தமும் கேக்குது. என்ன பேசுதுன்னு கேக்குல. கெய்சரு மேல எனக்கு அப்பிடி ஒரு கோவம் வந்துச்சுங்க அம்மிணி! ஒரு மாசமா ஓடாத கழுதை, இப்ப மட்டும் எதுக்கு ஓடோணும்?

ரெண்டு நாளு போகவே இல்ல. என்னன்னு சொல்லிப் போறது? போசி இல்லாம அந்தப் படியில ஏறுனதே இல்லியே. அவங்களும் வருல. பொங்கலுக்குப் பத்து நாளுதான் இருக்குது. முத்துச்செல்வி அட்டைப் பொட்டியெல்லாம் வாங்கிட்டு வந்து படிக்கட்டுல அடுக்கி வெச்சிருந்துச்சு.  ‘போகாதீங்க’ன்னு ஒரு வார்த்தை சொல்லோணும். நான் சொல்றதெல்லாம் கேட்டைச் சாத்துங்க, மோட்டாரை நிறுத்துங்க. இந்த ஒரு வார்த்தை மட்டும் தொண்டைக்கும் நாக்குக்கும் நடுவுல மாட்டிக்கிச்சு.

மூணா நாளு அந்தப் பொட்டிகளைத் தாண்டித் தாண்டி மேல போனேன். கையில ஒண்ணுமில்ல. முத்துச்செல்வி கதவைத் தொறந்து, “வாங்கக்கா”ன்னுச்சு. அப்பிடியே நிக்கறேன்.  “கெய்சரு எப்பிடி ஓடுதுன்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்”னேன்.

 ஏனோ அது கண்ணு தளும்புன மாதிரி இருந்துச்சு, சரியாத் தெரியுல. அப்பறம் ரொம்பப் பொறுமையா, “எங்க ஓடுதுக்கா, இன்னும் கொஞ்சம் சூடு கம்மியாத்தான் இருக்கு”ன்னுச்சு.

“கம்மியாவா!”ன்னு உள்ள ஓடுனேன். குழாயத் தொறந்து கையை வெச்சேன் பாருங்க, அய்யோ, தோலு உரிஞ்சு வந்துரும்! கையை ஒதறிக்கிட்டு, “அம்மிணி, இதுக்கு மேல சூடு வேணும்னா அடுப்புலதான் எறங்கோணும்”னேன்.

“இல்லக்கா, பத்தல. தினம் காலைல நீங்க வந்து ஒரு தடவை கையை வெச்சுப் பாத்துட்டுப் போனாத்தான் சரிப்படும்”னுச்சு. குட்டி வேற, “ஆமா பெரியம்மா, பத்தவே பத்தல”ன்னு என்ற சீலையைப் புடிச்சுக்கிட்டுத் தொங்குது. காப்பி வேற போட்டுக் குடுத்துச்சுங்க. கெய்சர் பாக்க வந்தவளுக்கு எதுக்குங்க காப்பி?

நான் டம்ளரைப் பாத்துக்கிட்டே கேட்டேன், “அப்ப அந்த ஆஸ்பத்திரிப் பக்கத்து ஊடு?”

“அவங்ககிட்ட வரலைன்னு சொல்லிட்டேன்க்கா”ன்னுச்சு. “இந்தக் கெய்சர் முழுசா சரியாகாம நாங்க எப்பிடிக் காலி பண்ண முடியும்?”

எனக்குச் சந்தோசம் தாங்குல அம்மிணி. நாயமான பேச்சு பாருங்க, ஓனரு ஊட்டுச் சாமானை அரைகுறையா உட்டுட்டுப் போகக் கூடாதுன்னு அந்தப் புள்ளைக்கு எவ்வளவு பொறுப்பு! தை பொறந்து, மாசியும் பாதி போயிருச்சு. தெனமும் காலைல போயி கையை வெச்சுப் பாக்கறேன். கொதிக்கக் கொதிக்கத்தான் வருது. இன்னும் பத்தலைங்கறாங்க.